என் விரல் வளர்த்த கட்டி

அந்த வருஷம் சுருளிப்பட்டியில் எலிகள் செத்து விழுந்தன. பிளேக் என்று பயந்து ஊரே வீடுகளைப் பூட்டிவிட்டு வயல்களில் குடிசை போட்டது. அக்குளில் கட்டி வந்தால் பிழைக்க முடியாது என்றார்கள்.

அன்றிலிருந்து என் அக்குளை நானே அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். சோற்றில் கை வைக்கும் நேரம் தவிர விரல் அங்கேதான். ஐந்தாம் நாள் நிஜமாகவே வீங்கி வலித்தது. உடம்பு வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் வெளியே துரத்திவிட்டு, குடிசையின் படல் கதவை உள்ளிருந்து கயிற்றால் கட்டிக்கொண்டேன். ஒரு பகலும் இரவும் அந்தப் புழுக்கத்தில் சாவுக்குக் காத்துக் கிடந்தேன்.

மறுநாள் காலை அவள் குழந்தையைப் பக்கத்துக் குடிசையில் விட்டுவிட்டு, கயிற்றை அரிவாளால் அறுத்து உள்ளே வந்தாள்.

“கிட்ட வராதே!” என்று கத்தினேன்.

அவள் என் கையைத் தூக்கிப் பார்த்தாள். இடது அக்குள் முழுக்க என் நகத்தடம்.

“அமுக்கி அமுக்கி நீங்களே வீங்க வச்சுட்டீக.”

முந்தானையைக் கிழித்து என் வலக்கையை இடுப்போடு கட்டினாள். குழந்தையை வாங்கிவந்து இடக்கையில் கொடுத்தாள். “இந்தக் கை சும்மா இருந்தா வலது அக்குளுக்குப் போயிரும்.”

நாலு நாளில் வீக்கம் வடிந்தது.

பின்னொரு நாள் கேட்டேன்: “பிளேக் இல்லைன்னு தெரிஞ்சுதான் உள்ள வந்தியா?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

அந்தக் குடிசைக்குள் நான் என் அக்குளை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.