கதவுக்குப் பின்னால் 980

எங்கள் படுக்கையறைக் கதவைச் சாத்தினால்தான் அந்தக் கணக்கு தெரியும். சிமெண்டுச் சுவரில் பென்சிலால் எழுதியது. மேலே 2.8, அதன் கீழே 3.5, பெருக்கல் குறி. பிறகு 140, ஓர் இடம் தள்ளி 84, ஒரு கோடு, கோட்டுக்கடியில் 980. அதோடு நிற்கிறது. என் வீட்டுக்காரர் எழுதியது.

நாங்கள் செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். அங்கே அறையை யாரும் மீட்டரில் அளந்ததில்லை. எத்தனை பாய் விரிக்கலாம் என்பதுதான் அளவு. எங்களுடையது மூன்று பாய் அறை, மகளோடு சேர்த்து மூன்று பேரும் அதில்தான் படுத்தோம். தோட்டம் கைமாறியபோது கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு வரிசை வீடு கிடைத்தது. பூச்சு வேலையோடு வெறும் வீடாகச் சாவியைக் கொடுத்தார்கள், டைல் நாங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கணக்குப் போட மகள் கைப்பேசியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. செம்பனை லோரி ஓட்டிய மனுஷனுக்கு அப்படியொரு பிடிவாதம். "சொந்த வீடு லா! நானே அளந்து, நானே கணக்குப் போடுவேன்" என்றார்.

ஹால் 3.6க்கு 4.5. புள்ளிகளை விட்டுவிட்டு 36ஐ 45ஆல் பெருக்கினார். 1620 வந்தது. சரிதான். "கடைசி சைபருக்கு என்னா மதிப்பு?" என்று அதை அடித்துவிட்டு, அதன் பிறகு இரண்டு இடம் எண்ணிப் புள்ளி வைத்தார். 1.62 சதுர மீட்டர்! நான் லயத்துப் பாயை எடுத்து விரித்தேன். "என்னங்க, உங்க ஹாலவிட இந்தப் பாய் பெருசா இருக்கே. நாம எங்க நிக்கிறது?" என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். புள்ளியை வைத்துவிட்டுத்தான் சைபரை அடித்திருக்க வேண்டும் என்று அவரே கண்டுபிடித்து, 16.2 என்று திருத்தினார். அப்போதும் நம்பாமல் பாயைப் போட்டுப் போட்டு அளந்தார். ஏழு பாய்க்கு மேலேயே பிடித்தது.

அடுத்து படுக்கையறை. "இந்தத் தடவ சைபரத் தொடவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பெருக்கினார். 980 என்று எழுதியதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "இரு புள்ள, சந்திக் கடைல ஒரு டீ குடிச்சிட்டு வந்து புள்ளிய வெக்கிறேன்."

நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். கடை மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஊற்றிக் கொடுத்த டீ ஆறக்கூட இல்லையாம். பாவி மனுஷன், ஒரு புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதை வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

டைல் போட்டாயிற்று. இந்தத் தீபாவளிக்கு வீடு முழுக்கப் பெயிண்டும் அடித்தாயிற்று, கதவுக்குப் பின்னால் அந்த இடத்தைத் தவிர. மகள் பென்சிலோடு வந்து நின்றாள். "அம்மா, நானாவது புள்ளிய வெக்கட்டா? ஒம்பது புள்ளி எட்டுதானே?"

"வேணாம்டி. வெச்சிராத" என்றேன். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது புள்ளி எட்டு என்று எனக்கும் தெரியும். நாலு பாய் விரிக்கலாம், எங்கள் இரண்டு பேருக்கு யதேஷ்டம். இப்போது ஒரே பாயை விரித்து, கதவைச் சாத்திவிட்டு உட்காருகிறேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெறும் தரை. புள்ளி இல்லாமல் நிற்கிற அந்தத் தொள்ளாயிரத்து எண்பதுதான் இந்த அறையின் சரியான அளவு என்று தோன்றுகிறது.