வலி சொல்லாத கால்

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாள். தொடுவதில்லை. ஒரு விரற்கடை தள்ளி நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறாள். சூடு போதுமா போதாதா என்று கன்னம் சொல்ல வேண்டும். பெட்டியில் அதற்கென்று ஒரு திருகு இருக்கிறது, பட்டுக்கு இவ்வளவு பருத்திக்கு இவ்வளவு என்று படம்கூடப் போட்டிருக்கிறது. "அது அது பாட்டுக்குச் சுத்திட்டுக் கெடக்கும். கன்னம் என்கூடப் பொறந்தது" என்பாள். கன்னம் சம்மதித்த பிறகுதான் முதல் சட்டை மேசைக்கு வரும்.

தெருவுக்கே அவள் இஸ்திரியக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான், அதில் யாருக்கும் வருத்தமில்லை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு அலமாரி, அவள் நிற்க ஓர் இடம், அவ்வளவுதான். அலமாரிக்குப் பக்கத்தில் திரை, திரைக்குப் பின்னால் வீடு. துணியைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது அவள் வீட்டுக்காரர் வேலை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ஊர் சொல்லும். வேண்டாததைக் கேட்காத காது என்று அவள் சொல்வாள். ஒரே மகள், கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிறாள். சாயங்காலமானால் போன் செய்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். "காலுக்கென்ன, மகாராணி மாதிரி உக்காந்திருக்கு" என்று பதில் போகும்.

நன்றி சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மின்சாரம் நின்று திரும்பி வந்தால் விளக்கைப் பார்த்து "வந்துட்டியா, நல்லாயிரு" என்பாள். துணி காய்ந்த பிறகு பெய்கிற மழைக்கும் அதே வாழ்த்து. "நமக்கென்ன குறைச்சல்?" என்ற வார்த்தை அவள் வாயில் வெற்றுப் பேச்சாக வராது, மனதார வரும். சட்டையில் பட்டன் போயிருந்தால் கேட்காமலே தைத்துவிடுவாள். டப்பாவில் கைக்கு எது அகப்படுகிறதோ அதுதான் பட்டன், நிறம் பார்ப்பதில்லை. அந்தத் தெருவில் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் சட்டையில் ஒரு பட்டன் ஒட்டாமல் தனித்து நிற்கும். ஒருத்தரும் அதைப் பிய்த்து மாற்றியதில்லை. மாற்றினால் அடுத்த வாரம் அவள் பழையபடி தைத்துவிடுவாள் என்பது வேறு விஷயம். பிடிவாதம் அப்படி.

இனி அவள் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் சூடான பெட்டி கைநழுவிப் பாதத்தில் விழுந்தது. அவள் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. வலித்தால்தானே சொல்வதற்கு? சர்க்கரை நோய் பாதத்திலிருந்த உணர்ச்சியை எப்போதோ துடைத்துக்கொண்டு போயிருந்தது. கருகிய வாடை வந்ததும், யார் சட்டையையோ தீய்த்துவிட்டோம் என்று மேசையைப் புரட்டிப் புரட்டித் தேடியிருக்கிறாள். புண் ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

தெரு முனையில் இருக்கும் சுகாதார நிலையத்து சிஸ்டர்தான், அவசரப்பட வேண்டாம், முதலில் நான் பார்க்கிறேன் என்றது. அதிகம் பேசாத மனுஷி. ஒருநாள் விட்டு ஒருநாள், கடை திறக்குமுன்பே காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிடும். விரல்கள் பிழைத்தன. புண் சுருங்கிச் சுருங்கி ஒரு பட்டன் அளவுக்கு வந்துவிட்டது. சில வாரம் மூடிக்கொள்ளும், சில வாரம் வாயைத் திறந்துகொள்ளும். "என் காலு வலிக்குதா இல்லையான்னு சிஸ்டர்தான் சொல்லணும். எனக்குத் தெரியாது" என்பாள் இஸ்திரியக்கா, ஏதோ பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைத்தவள் மாதிரி. ஒரு வாரம் அந்தக் காலைப் பார்க்க ஆளில்லாவிட்டால் உள்ளே அழுகுவதுகூட அவளுக்குத் தெரியாது. கால் போனால் நிற்பது போய்விடும். நிற்காமல் இஸ்திரி போட முடியாது.

அந்தச் சுகாதார நிலையம் இரண்டு அறையும் ஒரு கூடமும்தான். ஒரு அறையில் டாக்டர், இன்னொன்றில் கட்டுப் போடுவது. கூடத்தில் குழந்தைகளை எடை போடுவார்கள், பெரியவர்களுக்கு பிரஷர் பார்ப்பார்கள், பார்த்தவர்கள் எழுந்து போகாமல் மதியம்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் ஏதோ மாற்றம் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. மக்களுக்கு அங்கே என்னென்ன கஷ்டம் என்று வீடுவீடாகக் கேட்க ஒரு பெண்ணை அனுப்புகிறார்களாம்.

சேதி காதில் விழுந்ததும் இஸ்திரியக்கா வேலையில் இறங்கிவிட்டாள். துணி கொடுக்க வந்தவர்கள் ஒருவரையும் அவள் விடவில்லை. "கேக்க வர்ற பொண்ணுகிட்ட ஒரு குறையும் சொல்லிடாதீங்க. நாம வாயத் தொறந்தா அது சிஸ்டர் தலையிலதான் விடியும்."

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் எதிர்வீட்டில் இருக்கிறார். அவர் அதற்குச் சாட்சியே சொன்னார். "சீட்டு கிழிஞ்சிருக்குன்னு ஒரு பயணி எழுதிக் குடுத்தாரு. சீட்டு அப்படியேதான் இருந்துச்சு. என்னைத்தான் வேற ரூட்டுக்கு மாத்துனாங்க."

இதற்குமேல் என்ன வேண்டும்? தெரு முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது. வந்த பெண்ணுக்கு உட்கார நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எல்லாரும் சுகம், எல்லாம் சௌகரியம் என்று சொல்லி அனுப்பினார்கள். ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டாளாம். காத்திருந்தால்தான் என்ன, ஃபேன் ஓடுகிறதே என்றாராம் கண்டக்டர். மாடிவீட்டு மருமகள் ஒருபடி மேலே போய், எங்கள் வீட்டில் யாருக்கும் நோயே வருவதில்லை என்றாளாம். அப்போது அவள் இடுப்பிலிருந்த பிள்ளைக்கு இழுப்பு, புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சுகாதார நிலையத்துச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். கண்டக்டர் நின்று உரக்கப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. இந்தப் பகுதி மக்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள், கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே இந்த நிலையத்தை மூடி, பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்தோடு சேர்த்துவிடுகிறோம், கட்டுப் போட வேண்டியவர்கள் அங்கே முன்கூட்டியே டோக்கன் வாங்க வேண்டும், கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சனிக்கிழமை கூட்டத்துக்கு வரலாம்.

அன்றைக்குப் பார்த்து வீட்டுக்காரருக்குக் காது நன்றாகக் கேட்டது. "நல்லாச் சொல்லிக் குடுத்தே, போ. நல்லாயிருக்கிறவங்களுக்கு ஆஸ்பத்திரி எதுக்குன்னு கேக்கிறான். அவன் கேக்கிறதும் நியாயம்தானே?"

அன்று மத்தியானம் இஸ்திரியக்கா ஒரு காலரைத் தீய்த்துவிட்டாள். அவள் கடையில் அப்படி நடந்ததே இல்லை.

சனிக்கிழமை கூடம் நிரம்பிவிட்டது. அதிகாரி சின்ன வயது, மரியாதையான பிள்ளை. யாரும் பயப்படாமல் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார். கண்டக்டர் எழுந்தார். தெருவே அவரைத்தான் நம்பியிருந்தது. வேலையை விட்டுவிட்டு எங்களைத் தேடி வந்தீர்களே என்று அதிகாரிக்கு நன்றி சொன்னார், நாற்காலி போட்டவர்களுக்கு நன்றி சொன்னார், உட்கார்ந்துவிட்டார். அடுத்து மாடிவீட்டு மருமகள். அவளும் நன்றி சொன்னாள். பழகின வாய், என்ன செய்யும்? மூன்றாவது ஆளும் நன்றியோடு உட்கார்ந்தபோது அதிகாரி சந்தோஷமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டுப் போடும் அறை வாசலில் சாய்ந்து நின்ற சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இஸ்திரியக்கா எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தம்பி, குறை சொல்லாதீங்கன்னு இவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தது நான்தான். சிஸ்டருக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாதுன்னு சொன்னேன். பல்லு இருக்கிறதால சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லன்னு சொன்னோம். நீங்க அதக் கேட்டுட்டு, கஷ்டந்தான் இல்லியே, பல்லு எதுக்குன்னு பிடுங்க வந்துட்டீங்க."

கூடம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"என் காலு இருக்கே, அதக் கேட்டாலும் வலிக்கலன்னுதான் சொல்லும். கேட்டா போதாது தம்பி. குனிஞ்சு பாக்கணும். அந்த சிஸ்டர் பாக்குது."

அதற்குப் பிறகு கூடத்தில் சிரிப்பில்லை. மாடிவீட்டு மருமகள் பிள்ளையின் இழுப்பைப் பற்றி மெல்ல ஆரம்பித்தாள். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். புதுக் கட்டடத்தில் வசதி இதைவிட அதிகம், அதையும் யோசிக்க வேண்டும் என்றார். "நடந்தாக்கூடப் பத்து நிமிஷம்தாம்மா."

"அப்ப வாங்க, நடந்துட்டு வருவோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வீட்டுக்காரர் அதிகாரியிடம், "போயிட்டு வந்துடுங்க சார். இல்லன்னா ராத்திரிவரைக்கும் அங்கேயே நிப்பா. நான் அனுபவிச்சவன்" என்றார்.

போனார்கள். பைபாஸ் ரோடுவரை நல்ல வழிதான். ரோட்டில்தான் கடப்பதற்கென்று ஓர் இடமும் இல்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. இரண்டு பேரும் வெகுநேரம் ஓரத்தில் நின்றார்கள். லாரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்தபோது அவள் அதிகாரியின் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நடுவில் சிமென்ட் தடுப்பு. அதைத் தாண்ட அவர் கைகொடுத்தார். அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அவள் பிடியை விடவில்லை.

புதுக் கட்டடம் பளபளவென்று இருந்தது. நல்லாக் கட்டியிருக்காங்க என்று மனதாரச் சொன்னாள். கவுன்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, கட்டுப் போட அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத்தான் டோக்கன் என்றார். தான் இன்னார் என்று சொல்ல அதிகாரி வாயைத் திறந்தார். அப்போதுதான் அவர் பார்வை தரையில் விழுந்தது. வாசலிலிருந்து கவுன்டர்வரை பளிங்குத் தரையில் ஒற்றைச் செருப்பின் சிவப்புத் தடம். சிமென்ட் தடுப்பில் உரசியதோ என்னவோ.

"அம்மா, ரத்தம்" என்றார்.

அவள் பதறிப்போய்க் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். "எங்க தம்பி? எங்க இடிச்சுக்கிட்டீங்க?"

அதிகாரி அவள் காலைக் கையால் காட்டினார்.

வண்டி பிடித்துத் திரும்பினார்கள். சிஸ்டர் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, காலை மடியில் வாங்கிக்கொண்டது. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தது. எனக்காகப் பேசப் போனியாக்கும், இந்தக் காலை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு ஊர்கோலம் என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்தது. இஸ்திரியக்கா அதையும் ஏதோ நல்ல வார்த்தையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரி வெளியில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் தாழ்ந்த குரலில்தான் பேசினார். பிறகு, நீங்கள் வந்து ஒருமுறை நடந்து பாருங்கள் சார் என்று அவர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

பேசி முடித்து அறை வாசலுக்கு வந்தார். "கட்டுப் போடற ரூம் எங்கயும் போகாதும்மா. சிஸ்டரும் இங்கதான் இருப்பாங்க. டாக்டர் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவாரு. கூடத்தப் பத்தி இன்னும் மேலிடத்துல பேசணும். பேசறேன்."

சிஸ்டரின் கை ஒரு கணம் நின்று, மறுபடி கட்டைச் சுற்ற ஆரம்பித்தது. கூடத்தில் கண்டக்டர் நன்றி சொல்ல எழுந்துவிட்டார். யாரோ அவரை இழுத்து உட்கார வைத்தார்கள்.

எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிற இஸ்திரியக்காவுக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை. அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டைக் கடக்கும்போது அவள் கொத்தாகப் பிடித்த சட்டைக் கை முழங்கைவரை கசங்கிச் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் வரும்படி தலையை அசைத்தாள். வந்தார். ஒரு கால் சிஸ்டர் மடியில் இருக்க, இருந்த இடத்திலிருந்தே அவர் கையைப் பிடித்துக் கட்டிலின் ஓரத்தில் நீட்டி வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டுவரை உள்ளங்கையால் அழுத்தி நீவினாள். சுருக்கம் போகவில்லை. கையைத் திருப்பி வைத்து, மறுபடி நீவினாள்.