ஊசிக்குத் தெரியாத பதில்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது என் கணவரின் அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனக்புரியிலிருந்து எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். நான் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "இதென்னடி, தொண்டையில நெல்லிக்காய் மாதிரி ஏறி இறங்குது?" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அன்றிலிருந்து என் கழுத்து பொதுச் சொத்தாகிவிட்டது. பேச வருகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அறுவை டாக்டர் தொட்டுப் பார்த்து, "தைராய்டு கட்டி. எடுத்துடலாம்" என்றார்.

"புத்துநோயா டாக்டர்?"

"எடுத்துப் பார்த்தாத்தானே தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்துகொள்வதற்காகக் கழுத்தை அறுப்பதா? வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியில் ஊசி குத்தி, உள்ளே இருப்பதை எடுத்துச் சோதிக்கிறார்கள் என்று அலுவலகத் தோழி சொன்னாள். வீட்டில் வந்து சொன்னேன்.

"ஊசி குத்தினா உடம்பு பூராப் பரவிடும்" என்றார் நாத்தனார்.

"அக்கா சொல்றதையும் யோசிக்கணும்" என்றார் கணவர்.

"நீங்க யோசிச்சுக்கிட்டே இருங்க. நான் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன்.

என்னைவிடச் சின்னவள் அந்த டாக்டர். தோளுக்கடியில் தலையணை வைத்து, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, "நிகல்னா மத்" என்றாள். விழுங்கக் கூடாதாம். அதைக் கேட்டதுமே வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிட்டது. ஜுரத்துக்குப் போடுகிற ஊசியைவிடச் சன்னமான ஊசி. உள்ளே விட்டு முன்னும் பின்னுமாக அசைத்து எடுத்து, வந்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவினாள். இவ்வளவுதானா என்று சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

முடிவு வாங்கப் போனால், வெறும் ரத்தம்தான் வந்திருக்கிறது, பார்ப்பதற்குப் போதுமான செல்கள் இல்லை என்றார்கள்.

"உனக்கு செல்லே இல்லையா?" என்றார் கணவர், நிஜமான கவலையோடு. அந்த நிமிஷம் அவரை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மறுபடி தலையணை, மறுபடி எச்சில். இந்தத் தடவை செல்கள் வந்தன. ஆனால் அந்தப் பெண் டாக்டர் தயங்கினாள். "இந்த மாதிரி செல்லை வைத்து நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று ஊசியால் சொல்ல முடியாது. முழுசாக எடுத்து, அதைச் சுற்றியிருக்கும் உறையைப் பார்க்க வேண்டும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று இந்தியில் கத்தினேன்.

"உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் எனக்கும் தெரியாதே. முக்கால்வாசிப் பேருக்கு ஊசியிலேயே பதில் கிடைத்துவிடும்" என்றாள், நிதானமாக. அவள் சொன்னது நியாயம். அதுதான் இன்னும் எரிச்சல். கோபப்பட ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

பழைய டாக்டரிடமே போனேன். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அறுவைக்கு அழைத்துப்போக ஸ்ட்ரெச்சர் வந்தபோது கணவர் கட்டிலோரம் நின்று, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"கோபமா இருக்கு."

சுரப்பியில் பாதியை எடுத்தார்கள். குரல் கரகரத்துப்போய், அலுவலகத்தில் போனை எடுத்தால் எதிர்முனை ஆம்பளை என்று நினைத்து என்னை 'பாயீ சாப்' என்றது. நாத்தனார் பேச்சை ஆரம்பித்தால் பதில் சொல்லவும் தொண்டை இல்லை.

கட்டியின் சோதனை முடிவை வாங்க இருவருமாகப் போனோம். புற்று இல்லை. டாக்டர் சொல்லும்போது தலையாட்டிக் கேட்டுக்கொண்ட என் கணவர், வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசற்படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். போகிறவர் வருகிறவரெல்லாம் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இத்தனை மாதமும் யோசித்துக்கொண்டிருந்த மனிதர்.

"வீட்ல வந்து அழுங்க. பஸ் போயிடும்" என்றேன், அந்தக் கரகரத்த குரலில். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கையை அவர் விடவில்லை. டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கக்கூட முடியாமல் கண்டக்டரிடம் நான்தான் திட்டு வாங்கினேன்.