காணாமல் போன நாலெழுத்து

என் மனைவி எழுதிய முதல் நாடகத்தைக் கெடுத்தது நான்தான். கல்கத்தா தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்காக ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை நாற்பது நிமிடம் வேண்டாம் வேண்டாமென்று மறுக்கும் ஒரு பெண்ணின் கதை. இங்கே பாலிகஞ்சில் வளர்ந்த சங்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதனால் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள். மனப்பாடம் செய்யவும் ஒத்திகை பார்க்கவும் யாருக்கும் நேரமில்லை. தாளைக் கையில் பிடித்தபடியே நடிப்பது எங்கள் வழக்கம்.

பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனாள். நான் பென் டிரைவை அவசரமாகப் பிடுங்க, ஃபைல் திறக்க மறுத்துவிட்டது. வேறு பிரதி கிடையாது.

விடுவேனா? கெட்டுப்போன ஃபைலின் பைனரிக் குப்பைக்குள்ளிருந்து எழுத்துகளை மட்டும் பொறுக்கியெடுக்க ஒரு குட்டி கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதினேன். வசனங்களோடு அர்த்தமில்லாத துணுக்குகளும் வந்து விழுந்தன. எல்லாம் மூன்றெழுத்து, நாலெழுத்து. ஐந்தெழுத்துக்குக் குறைந்த சொல் எதுவும் வேண்டாம் என்று கட்டளையை மாற்றினேன். பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. வசனம் கொஞ்சம் சுருக்கமாகத் தெரிந்தது. நறுக்கென்று எழுதியிருக்கிறாளே என்று பெருமைகூடப் பட்டேன்.

விழாவன்று அவள் சாந்த்ராகாச்சியில் ரயிலிறங்கி நேராக அரங்குக்கு வந்து, முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடையில் அப்பா, மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பெண் தாளைப் பார்த்தாள்.

"எனக்கு சம்மதம்."

"என்னையே எதிர்த்துப் பேசுறியா?" என்று அப்பா உறுமினார்.

பெண் விம்மி விம்மி அழுதாள். "எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு சம்மதம்!"

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அரங்கம் சிரித்து உருண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஆங்கில எழுத்தில் 'இல்ல' என்பது illa, நாலே எழுத்து.

பெண் மேடை விளிம்புக்கு வந்து என்னைப் பார்த்துக் குனிந்தாள். வங்காளிப் பிள்ளைகள் மாதிரி இவர்களுக்கும் நான் 'காகு', சித்தப்பா. "காகு, இன்னும் அஞ்சு பக்கம் சம்மதம் இருக்கு. படிக்கவா?"

எனக்கு அவமானமாக இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். வீட்டுக்குப் போகும் டாக்சியில் பென் டிரைவிலிருந்து நாலெழுத்து வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போனீங்களே," என்றாள் அவள், "அன்னைக்கு எங்கப்பாவும் உங்க ஸ்கிரிப்டைத்தான் ஓட்டியிருக்கணும்."