சுமையின்றி ஓடிய பத்து நிமிடங்கள்

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடந்து வந்த லாரியிலிருந்து காளிச்சாமி இறங்கியபோதுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன். லாரியின் மேல் தார்ப்பாய்க்குள் பச்சை வண்ணம் பூசிய பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கேயுள்ள எங்கள் பால் சங்கத்தின் குளிரூட்டும் நிலையத்துக்காக அவர் ராணுவ ஏலத்தில் எடுத்தது. நான் அச்சங்கத்தின் செயலாளர்.

சங்கத் தலைவி ஜானகியம்மாள் இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க காளிச்சாமி, சண்டைக்குப் போயிட்டு வந்த மிஷினுங்களா இது?"

"போகலீங்கம்மா. போறதுக்குத் தயாரா நின்னு நின்னே வயசாயிடுச்சுங்க. என்னைய மாதிரி."

அவர் ராணுவத்தில் இருந்தவரல்லர். லேத் பட்டறையில் தொழில் கற்றவர். ராணுவம் கழித்துவிடும் ஜெனரேட்டர்களை வாங்கிப் பிரித்து, கழுவி, பூட்டி, அரிசி ஆலைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொடுத்துப் பராமரித்து வந்தார். அவற்றுக்குக் கடையில் கிடைக்காத உதிரிபாகங்களைத் தாமே கடைந்துகொள்வார். பழைய இரும்பு என்று ஏளனம் செய்பவர்களிடம் அவர் வாதாடுவதில்லை. தம் இயந்திரம் எங்கும் நின்றதில்லை என்ற பெயர் ஒன்றே அவருடைய முதல். அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததும் அந்தப் பெயரால்தான்.

பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த அன்று சொன்னார்: "வாரத்துக்கு ஒருக்கா ஓட்டுனாப் போதுமுங்க. ஆனா பாலக் குளிர வெக்கிற கம்ப்ரஸரையும் சேத்திப் போட்டு அர மணி நேரம் ஓட்டோணும். வெறுமனே ஓட்டுனா எரியாத டீசல் உள்ளயே கரியாப் படிஞ்சுக்கும்."

நான் ஒழுங்கை விரும்புகிறவன். வாரம் ஒருமுறையைவிட நாள்தோறும் ஓட்டுவதே மேலான பராமரிப்பு என்று எண்ணினேன். பால் குளிர்ந்துகொண்டிருக்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தி ஜெனரேட்டருக்கு மாற்றிப் போடவும் அஞ்சினேன். ஆகவே தினமும் காலை ஏழு மணிக்குக் கம்ப்ரஸரைச் சேர்க்காமல் பத்து நிமிடம் ஓட்டி, 'சுமையின்றி' என்று பதிவேட்டில் எழுதி வந்தேன். மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் தவறவில்லை. அதுவரை மின்சாரம் நீண்ட நேரம் போனதுமில்லை. ஒருமுறை, ஆயில் மாற்ற வந்த காளிச்சாமி புகைக்குழாயில் கறுப்பாக எண்ணெய் கசிவதைத் துணியால் துடைத்துப் பார்த்தார்.

"கம்ப்ரஸரப் போட்டுத்தானுங்களே ஓட்டறீங்க?"

ஆம் என்றேன்.

2022 ஜூலையில் காற்றுக்கு மரம் விழுந்து மின்கம்பி அறுந்தது. ஜெனரேட்டர் இருபது நிமிடம் கம்ப்ரஸரை இழுத்தது. பிறகு கரும்புகை கக்கி, வேகம் தணிந்து, நின்றுவிட்டது. காளிச்சாமி மழையில் பைக்கில் வந்து பிரித்தார். உள்ளே எங்கும் கரி. அவர் சரிசெய்து முடிக்கப் பிற்பகலாயிற்று. அதற்குள் மூவாயிரம் லிட்டர் பால் திரிந்து, தென்னந்தோப்பில் கொட்டப்பட்டது.

மூன்றாம் நாள் நிர்வாகக் குழு கூடியது. உறுப்பினர் மோகனசுந்தரம்தான் தொடங்கினார்.

"பட்டாளத்துக்காரன் வேண்டாம்னு வீசுனதப் பொறுக்கிட்டு வந்து எங்க தலைல கட்டிப்போட்டீங்களே, இது நாயமுங்களா?"

காளிச்சாமி மேசைமேல் இருந்த பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அவர் விரல் 'சுமையின்றி' என்று எழுதிய இடத்தில் நின்றது. அடுத்த பக்கத்திலும் அதே இடத்தில் நின்றது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"மிஷினு பழசுங்க. நான்தான் முன்னாலயே பிரிச்சுப் பாத்திருக்கோணும்."

அவர் சொன்னதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதினேன். வெளியே அவர் பைக்கை எடுக்கும்போது ஓடிப்போய்ச் சொன்னேன்: "அடுத்த கூட்டத்துல நானே உண்மையச் சொல்லிப்போடறனுங்க."

"உங்க புள்ள காலேஜ்ல படிக்குதில்லீங்களா? வேல போயிட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்றார். பைக்கைக் கிளப்பிக்கொண்டே, "ஆனாச் சொன்னீங்கன்னா எனக்கு ஒதவியா இருக்குமுங்க" என்றார்.

பால் திரிந்த செய்தி பரவி, அந்த ஆண்டிலேயே அரிசி ஆலைகள் அவருடைய ஜெனரேட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதியவை வாங்கின. கல்யாண மண்டபங்களும் அவ்வாறே செய்தன. பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் இடுக்கியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூலிக்கு ஜெனரேட்டர் ஓட்டப் போனார்.

அதற்குப் பின் நடந்த கூட்டங்களின் குறிப்புகளையெல்லாம் நானே எழுதினேன். எதிலும் அந்த உண்மை இல்லை. மாதம் ஒருமுறை காளிச்சாமி போனில் அழைக்கிறார். அங்கே விடாத மழை என்கிறார். என் மகளின் படிப்பை விசாரிக்கிறார். கூட்டத்தில் சொன்னீர்களா என்று இதுவரை அவர் கேட்டதில்லை.