இர்மா கோசாக் வீட்டுச் சுவரில் மாட்டிய சீட்டு

இர்மா கோசாக்கின் வீடு நியூயார்க்கில், ஏழாம் தெருவில், நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. வீடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான், இருந்தது ஒரே அறை. குளிக்கும் தொட்டிகூடச் சமையல் மூலையில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் செங்கல்தான் தெரியும். அந்த அறையில் முப்பத்தொரு வருஷம் தனியாகக் காலம் தள்ளினாள்.

பகலெல்லாம் பணக்காரர் வீடுகளுக்குத் திரைச்சீலை தைப்பது அவள் வேலை. செலெஸ்ட் விட்கோம் என்ற பெரிய வீட்டு அலங்காரக்காரியிடம் பத்தொன்பது வருஷம் தைத்தாள். அத்தனை வருஷத்தில், 'நீ எங்கே குடியிருக்கிறாய்?' என்று அந்த அம்மாள் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த அலட்சியம்தான் பிற்பாடு இர்மாவுக்குக் கைகொடுத்தது.

பகை ஹாட்லி அம்மாள் வீட்டில் ஆரம்பித்தது. பூங்காவைப் பார்த்த பெரிய வீடு. இர்மா ஏணியில் நின்றபடி வாய்தவறி ஒரு யோசனை சொல்லிவிட்டாள். "மேடம், திரையை ஜன்னலுக்கு மேல மாட்டாம, கூரையை ஒட்டி மாட்டினா அறை உசரமாத் தெரியும்."

செலெஸ்ட் வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். "உனக்குக் கை இருக்கு இர்மா, கண் இல்ல. தையலோட நிறுத்திக்கோ."

அடுத்த வாரம் திரை கூரையை ஒட்டித்தான் தொங்கியது. பத்திரிகையில் படம் வந்தது, செலெஸ்டின் பெயரோடு.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. ஹாட்லி அம்மாளின் தாயார் காலத்து நீல நாற்காலி ஒன்று அங்கே இருந்தது. செலெஸ்டுக்குத் தன் கடை நாற்காலியை விற்றாக வேண்டும். "இதுல மூட்டைப்பூச்சி விழுந்திருச்சு, எரிச்சாத்தான் போகும்" என்று கூசாமல் சொன்னாள். அந்த அம்மாள் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். முந்தின நாள்தான் இர்மா அந்த நாற்காலியின் அடித்துணியைப் பிரித்துத் தைத்திருந்தாள். உள்ளே ஒரு எறும்புகூட இல்லை.

நாற்காலியை யாரும் எரிக்கவில்லை, தெருவோரத்தில்தான் வைத்தார்கள். அந்த ஊரில் நல்ல சாமான் நடைபாதையில் கிடந்தால் அரைமணியில் யாராவது தூக்கிவிடுவார்கள். மூட்டைப்பூச்சி என்று எழுதி ஒட்டிவிட்டால் பிச்சைக்காரன்கூடத் தொடமாட்டான். போட்டிக் கடைக்காரர் எடுத்து விற்றுவிடக் கூடாதே என்று செலெஸ்ட் தன் வளைந்த கையெழுத்தில், பச்சை மையில், 'மூட்டைப்பூச்சி, தொடாதீர்கள்' என்று எழுதி இர்மாவிடம் கொடுத்தாள். இர்மா ஒட்டினாள். சாயங்காலம் தன் கட்டடத்துக் காவல்காரர் ரமீரோவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? சீட்டைப் படிக்கலையா?"

"அதை ஒட்டினதே நான்தான். தூக்குங்க."

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவள் வாயே திறக்கவில்லை. "சரி மேடம்" என்று சொல்லித் தைத்தாள். மற்ற வீடுகளிலும் செலெஸ்ட் இப்படியே ஏதாவது பொய் சொல்லிச் சீட்டு ஒட்டித் தள்ளியதையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினாள். குளிர்காயும் கணப்பு ஒன்றிலிருந்து பெயர்த்த பளிங்குப் பலகை குளியல் தொட்டிக்கு மூடியாகி, சாப்பாட்டு மேஜையும் ஆயிற்று. மங்கிய பெரிய கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே சாய்த்ததும் செங்கல் சுவர்கூட அழகாகிவிட்டது. சின்ன அறைக்கு வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்பது செலெஸ்டின் வேதம், இர்மா கரும்பச்சை அடித்தாள். மூலைகள் இருட்டில் கரைந்து, அறை எங்கே முடிகிறதென்றே தெரியாமல் போயிற்று. கூரை விளக்கைக் கழற்றிவிட்டு மூன்று தாழ்ந்த விளக்குகள் வைத்தாள். கட்டிலைக் கூரையிலிருந்து தரைவரை விழும் சாம்பல்நிறத் திரைக்குப் பின்னால் ஒளித்தாள். எல்லாவற்றிலும் அழகு இருந்தது, எல்லாவற்றிலும் வஞ்சமும் இருந்தது.

வயதாகி வேலையை விட்ட அடுத்த வசந்தத்தில், அந்த வட்டாரத்து மாதாகோயில் வருஷந்தோறும் நடத்தும் சின்ன வீடுகள் சுற்றுலாவில் தன் அறையையும் சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டாள். டிக்கெட் வாங்கியவர்களைப் பிரபலமான ஒருவர் வீடு வீடாக அழைத்துப் போய் விளக்குவார். குடியிருப்பவர் பெயரைச் சொல்வதில்லை, கதவு எண் மட்டும்தான். அந்த வருஷம் அழைத்துப் போகிறவர் செலெஸ்ட் விட்கோம். அவள் போகுமிடமெல்லாம் அவளுடைய வாடிக்கைக்காரிகளும் போவார்கள். இது இர்மாவுக்குத் தெரியாதா என்ன?

பன்னிரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். செலெஸ்ட் முதலில் நுழைந்து ஜன்னல்வரை போனாள். மற்றவர்கள் நெருக்கியடித்து உள்ளே வந்ததில் வாசலே அடைபட்டது. இர்மா அடுப்போரம் ஒதுங்கி நின்றாள்.

"பாருங்க, பாருங்க! சின்ன அறைக்கு அடர்ந்த நிறம் ஆகாதுன்னு யார் சொன்னது?" என்றாள் செலெஸ்ட், சொன்னதே தான்தான் என்பதை மறந்து. "திரை எங்கேருந்து விழுது பாருங்க. இதை யார் பண்ணினாங்களோ, அவங்களுக்குக் கண் இருக்கு!"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இர்மா நாலு வருஷம் மாடி ஏறினாள்.

"நன்றி மேடம்."

செலெஸ்ட் திரும்பினாள். "இர்மா? நீயா? இங்கே என்ன பண்றே?"

"குடியிருக்கேன்."

கூட வந்திருந்த ஹாட்லி அம்மாள் அதற்குள் நீல நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். அதில் அவள் சின்ன வயதில் கடித்த பல்தடம் இருந்தது. நாற்காலிக்கு மேலே, பொன்முலாம் சட்டத்தில், கண்ணாடிக்குள் அந்தச் சீட்டு பச்சை மையோடு மாட்டியிருந்தது. அதை அவள் உரக்கப் படித்தாள்.

"செலெஸ்ட், இது உங்க கையெழுத்துதானே? எங்கம்மா நாற்காலியில பூச்சின்னு சொன்னீங்களே. நாலு வருஷமா ஒருத்தரையும் வீட்டுக்குக் கூப்பிடக் கூசிட்டிருந்தேன்!"

"அதுல பூச்சியே இல்லம்மா. முந்தின நாள்தான் நான் பிரிச்சுத் தைச்சேன்" என்றாள் இர்மா. "இன்னும் ஆறு சீட்டு அந்தத் திரைக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. உங்க வீட்டுதும் இருக்கலாம், எல்லாரும் பாருங்க."

திரை விலகியது. ஒருத்தி ஒரு சீட்டைப் படித்துவிட்டு, எதிரே சாய்த்திருந்ததைக் காட்டி, "ஐயோ, எங்க கண்ணாடி!" என்று கத்தினாள். செலெஸ்ட் வெளியே போகப் பார்த்தாள். வழி ஏது? பன்னிரண்டு பேர் நிற்கிற அறையில் ஒருத்தி நகர வேண்டுமானால் பதினொரு பேர் மனசு வைக்க வேண்டும். ஒருத்தரும் வைக்கவில்லை.

"எங்க வீட்டை நீங்க செஞ்சு தருவீங்களா?" என்று இர்மாவிடம் கேட்டாள் ஹாட்லி அம்மாள்.

"தாராளமா. நாற்காலியையும் எடுத்துட்டுப் போங்க." இர்மா ஜன்னலோரம் சிக்கி நின்ற செலெஸ்ட் பக்கம் திரும்பினாள். "ஆனா விரல் முன்ன மாதிரி ஓடலை. கண் என்கிட்ட இருக்கு, கைதான் ஒரு ஜோடி வேணும். உங்களுக்கு வேலை தேவைப்பட்டா வாங்க மேடம். தையலோட நிறுத்திக்கணும், அவ்வளவுதான்."