டிம்ப்னா அடித்த வெள்ளை

பாலிகல்லின் என்ற ஊரில் டிம்ப்னா கியோவைப் போல வீட்டைப் பளிச்சென்று வைத்திருந்தவள் கிடையாது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்த கை அது. புருஷன் மலாக்கி சதுப்பு நிலத்தில் அடுப்புக்கு விறகாகும் எரிமண் வெட்டும் இயந்திரம் ஓட்டி, நெஞ்சு நிறையத் தூசியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன். அவனுக்கு ஈரம் ஆகாது.

அவர்கள் இருந்தது வாடகை உதவித் திட்டத்து வீடு. அயர்லாந்து அரசாங்கம் ஏழைகளுக்கு வீடு கட்டுவதைக் குறைத்துக்கொண்டு, தனியார் வீட்டுக்காரர்களுக்கு வாடகையைக் கொட்டிக்கொண்டிருந்த காலம். மாதம் பிறந்தால் பணம் தானாக வந்து விழுகிறவனுக்குப் பின்னறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தால் என்ன? காய்ந்த சுவருள்ள, உள்ளூராட்சிக் கவுன்சில் கட்டிய வீட்டுக்கு மலாக்கியைக் கொண்டு போய்விட வேண்டும். டிம்ப்னாவுக்கு அதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லை.

மலாக்கி பேரில் அவள் போட்ட மனுவுக்காக, வீட்டைச் சோதிக்க வியாழக்கிழமை கவுன்சில் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு பிரீஜ் வந்து பார்த்தபோது டிம்ப்னா கையில் பெயிண்ட் பிரஷ்.

"அடி கிறுக்கி, என்னடி பண்றே? அந்தப் பூஞ்சையை அவர் பார்த்தாத்தானே உனக்கு வேற வீடு கிடைக்கும்?"

"வீட்டுக்கு வர்ற மனுஷனுக்கு அழுக்கையா காட்டச் சொல்றே? எங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வந்து அறைவா."

பாதிரியார் முறை வைத்து வீடு வீடாகப் பூசை வைக்கும் பக்கம் அது. முறை வந்த வீட்டில் மாட்டுக் கொட்டகைக்கும் வெள்ளையடிப்பார்கள். அந்த வளர்ப்பு டிம்ப்னாவை விடவில்லை. சுவரைப் பிளீச்சிங் போட்டுத் தேய்த்து இரண்டு கை வெள்ளை அடித்தாள்.

சோதிக்க வந்த அதிகாரி காஃப்னி, அவள் சுட்டு வைத்த ஆப்பிள் டார்ட்டில் இரண்டாவது துண்டையும் முடித்துவிட்டு, "எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே போயிடும்மா" என்றார். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

குளிர் தொடங்கியதும் வெள்ளையைத் தின்றுகொண்டு கறுப்பு வெளியே வந்தது. மலாக்கி மூச்சுக்குத் திணறினான். டாக்டர் கடிதத்தோடு அவள் கவுன்சில் அலுவலகத்தில் போய் நின்றாள்.

கவுன்டர் பெண் கணினியைப் பார்த்தாள். "சுவர் காய்ஞ்சிருக்கு, வீடு அருமைன்னு எங்க ஆளே எழுதியிருக்காரேம்மா."

"அது நான் அடிச்ச பெயிண்டும்மா."

"அப்ப கவுன்சிலையே ஏமாத்தியிருக்கீங்க!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மறுசோதனைக்கு மனு போடுங்க. நாலு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அவர் தாங்க மாட்டாரும்மா."

"டாக்டர் அப்படித் தேதி எதுவும் போடலையே. அடுத்தவங்க வாங்க."

வீட்டில் மலாக்கி இருமலுக்கு நடுவே சிரித்தான். "அடுத்த தடவை என்னையே அந்தச் சுவத்துல ஆணியடிச்சு மாட்டு. அப்பவாவது அந்த அதிகாரி கண்ணுக்குத் தெரியுதான்னு பார்ப்போம்."

"வாயை மூடு, மனுஷா" என்று அவன் முதுகைத் தடவினாள். கைக்கு எலும்புதான் தட்டியது.

பிப்ரவரியில் அவன் போய்விட்டான். அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் மறுசோதனைக்குக் காஃப்னி வந்தார். இந்த முறை அவள் ஒரு துணியைக்கூட மடித்து வைக்கவில்லை. அவர் சுவரில் விரல் வைத்தார். விரல் நனைந்தது.

"மோசம்மா இது. மனுஷன் குடியிருக்கிற இடமா? இந்தத் தடவை சரியா எழுதிடறேன். வீட்டுல எத்தனை பேர்?"

"ரெண்டு" என்றாள் பழக்கத்தில். பிறகு, "ஒண்ணு."

அவர் எழுதியதை அடித்தார். சற்று யோசித்து, பக்கம் முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு இழுக்கப் பேனாவைக் கொண்டு போனார்.

"உடம்புக்கு முடியாதவர் பேர்ல போட்ட மனுவாச்சேம்மா இது. இனி செல்லாது. அதோட, ஒத்தை ஆளுக்கு ரெண்டு அறை வீட்டுக்கு இவ்வளவு வாடகை உதவியும் வராது. சின்னதா ஒண்ணு பார்த்துக்குங்க."

"சுவத்துல ஈரம் இருக்குன்னு எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"அதை மட்டும் அடிக்காதீங்க சார்" என்றாள் டிம்ப்னா.